ஒரு வளைவுக்கு முன்னால்

மேலூட்டு அக்கா எந்த ஊருக்கும் நேரே போய் இறங்கியவர் அல்ல. போகிற இடம் மேட்டுப்பாளையமோ, கூடலூரோ, ஊட்டிப் பூங்காவோ, அதற்கு ஒரு வளைவு முன்னால் வண்டி நின்றாக வேண்டும். அக்கா இறங்கி முகம் கழுவுவார், தலை வாருவார், கொசுவத்தை உதறிச் சரிசெய்வார், பவுடர் போடுவார். பிறகு வண்டி ஏறி, அந்தக் கடைசி வளைவைத் திரும்பி, அப்போதுதான் வீட்டை விட்டுக் கிளம்பியவர் போல வந்து இறங்குவார். பயணம் எப்படி என்று யாராவது கேட்டால் ஒரே பதில்தான்.

"அலுப்பே இல்லீங்க. எங்கயும் நிக்கல, நேரா வந்துட்டமுங்க."

இந்தப் பொய்யை அக்கா சொல்கிற அழகுக்காகவே நான் அவருடன் பல முறை பயணம் போயிருக்கிறேன்.

குன்னூரில் மேல் வீடு என்றால் மாடி வீடு என்று நினைத்துவிடக் கூடாது. சரிவில் கட்டிய வீடுகள். எங்கள் தகரக் கூரை முடிகிற மட்டத்தில் அவர் வாசல் ஆரம்பிக்கும். அவர் வாசல் தெளித்தால் எங்களுக்கு மழை. என் அம்மா அவரை அக்கா என்று கூப்பிட்டதால் எங்களுக்கும் அக்கா, தெருவுக்கே மேலூட்டு அக்கா. பாஸ்போர்ட் எடுக்கும்போதுதான் அவருக்கு ஒரு பெயர் இருப்பதே எனக்குத் தெரிந்தது. அது அவருக்குக் கொஞ்சமும் பொருந்தவில்லை. அதனால் சொல்லாமல் விடுகிறேன்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சின்னதாக ஒரு ஃபேன்சி ஸ்டோர் வைத்திருந்தார். சீப்பு, ஊக்கு, ரிப்பன், கைக்கண்ணாடி, பொட்டு. வீட்டுக்காரர் இளவயதிலேயே போய்விட்டார். கடையையும் ஒரே மகள் சுபாவையும் அக்காதான் பார்த்துக்கொண்டார். கடைச்சரக்கில் எல்லாவற்றிலும் ஒன்று ஒன்று எடுத்து ஒரு மஞ்சப்பையில் போட்டு, ஒரு துண்டும் ஒரு பாட்டில் தண்ணீரும் சேர்த்துக் கதவுக்குப் பின்னால் எப்போதும் மாட்டி வைத்திருப்பார். அதற்கு "எறங்கற பை" என்று பெயர்.

இதற்கெல்லாம் காரணம் மலைப்பாதை அவருக்கு ஒத்துக்கொள்ளாததுதான். மலையில் பிறந்து மலையில் வளர்ந்தவருக்கு ஒரு கொண்டை ஊசி வளைவு ஆகாது. பர்லியார் வருவதற்குள் முகம் வெளுத்து, கொண்டை அவிழ்ந்து, ஒரு கையில் எலுமிச்சம்பழமும் மறு கையில் காகிதப் பையுமாகச் சாய்ந்துவிடுவார். காகிதப் பைதான், ஏனென்றால் மாவட்டத்தில் பிளாஸ்டிக் கவருக்குத் தடை, அக்கா சட்டத்தை மதிப்பவர். அந்தக் கோலத்தில் போய் இறங்குவதைவிட இறங்காமலே இருந்துவிடலாம் என்பது அவர் கட்சி.

"எப்படி வேணாலும் வந்துக்கலாம் தம்பி. எறங்கறது ஒரே தடவதான். பாக்கறவிய கண்ணுல மொத எறக்கந்தான் நிக்கும்."

பஸ் டிரைவர்கள் முதலில் முறைத்தார்கள். பிறகு பழகிவிட்டார்கள். கல்லாறு தாண்டி ஒரு புளியமரத்தடியில் எந்தப் பலகையும் இல்லாமல் ஒரு நிறுத்தம் உருவாகிவிட்டது. கண்டக்டர் "அக்கா ஸ்டாப்" என்று விசில் ஊதுவார். அக்கா வராத நாளிலும் யாராவது நாலு பேர் அங்கே இறங்கி முகம் கழுவிக்கொண்டார்கள் என்று கேள்வி.

எங்கள் தெருப் பையன் ஒருவனுக்கு மேட்டுப்பாளையத்தில் நிச்சயதார்த்தம். பஸ் நிறைய ஆட்கள். பாதிப் பேருக்குத் தலை சுற்றல், மாப்பிள்ளைக்கு முழுச் சுற்றல். அக்கா ஸ்டாப்பில் பஸ்ஸை நிறுத்தி, அத்தனை பேரையும் அங்கிருந்த குழாயடியில் வரிசையாக நிற்க வைத்துவிட்டார். பெண் வீட்டார் மேளத்துடன் காத்திருந்து காத்திருந்து, பஸ் எங்கோ படுத்துவிட்டது என்று பெண்ணின் மாமாவை பைக்கில் அனுப்பினார்கள். அவர் வந்து பார்த்தால் மாப்பிள்ளை பனியனோடு குனிந்து நிற்கிறார், அக்கா மக்கில் தண்ணீர் மொண்டு அவர் பிடரியில் ஊற்றிக்கொண்டிருக்கிறார்.

"ஏனுங்க, பஸ்ஸு ரிப்பேருங்களா?"

"பஸ்ஸு நல்லாத்தானுங்க இருக்குது. மாப்பிள்ளதான் ரிப்பேரு. அஞ்சே நிமிசம், பளபளன்னு குடுத்தர்றேன். இந்தக் கண்ணாடியக் கொஞ்சம் புடிங்க."

மாமா கண்ணாடி பிடித்தார். மாப்பிள்ளைக்கு வகிடு எடுத்து முடித்ததும், அந்தக் கையோடு மாமாவுக்கும் மீசையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டார் அக்கா. கல்யாணமே முடிந்து பல நாள் வரை அந்த மாமா எங்கள் ஆட்களை எங்கே பார்த்தாலும் மீசையைத் தடவிக்கொண்டு சிரிப்பார்.

சாவு வீட்டுக்குப் போகும்போதும் இதே கதைதான். ஒரு முறை பக்கத்துக் காட்டேரி கிராமத்துக்குத் துக்கத்துக்குப் போனோம். போகிற வழியெல்லாம் அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். ஆனாலும் ஒரு வளைவு முன்னால் ஜீப்பை நிறுத்தச் சொன்னார். எனக்கே கோபம் வந்தது.

"எழவு ஊட்டுக்குமாக்கா?"

"அங்கதான்டா முக்கியம். நம்ம மூஞ்சியப் பாத்து அவிய பயந்துக்கக் கூடாது. கழுவிட்டுப் போயி, அவியளக் கட்டிப் புடிச்சுட்டு, அப்புறம் அழுவோணும். அழுவறதுக்கு ஒரு எடம் இருக்குதல்ல."

அந்த வீட்டில் அன்று அக்கா அளவுக்கு யாரும் அழவில்லை.

சுபாவுக்கு மட்டும் இது பிடிக்காது. சின்ன வயதில் சிணுங்கினாள், பெரியவளானதும் பல்லைக் கடித்துக்கொண்டாள். கோயம்புத்தூர் கல்லூரியில் சேர்ந்து முதல் விடுமுறைக்கு அவள் வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அக்கா கடையைச் சாத்திவிட்டு, எறங்கற பையை எடுத்துக்கொண்டு, குன்னூருக்கு முந்தின வளைவுக்கு நடந்தே போனார். மகள் அலுத்து வருவாள், அங்கே இறக்கி முகம் கழுவி, தலை பின்னி அழைத்து வர வேண்டும். பஸ்ஸில் சுபாவோடு அவள் தோழிகள் சிலரும் ஊட்டி பார்க்க வந்திருந்தார்கள். பஸ் நிற்கவில்லை. அக்கா பையோடு திரும்பி நடந்து வந்தார்.

"பஸ்ஸு வேகமா போயிருச்சு தம்பி" என்றார். அந்த வளைவில் போய் நிற்பதை அதோடு விட்டுவிட்டார்.

பிறகு சுபா மேல்படிப்புக்கு இத்தாலி போனாள், அங்கேயே வேலை, அங்கேயே ஒரு பையன். பதிவுத் திருமணம் முடித்துவிட்டுத்தான் அம்மாவுக்குப் போன் செய்தாள். அக்கா கத்தவில்லை. "எறங்கீட்டுச் சொல்றயா கண்ணு" என்று மட்டும் கேட்டு போனை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு இருவரும் பேசினார்கள்தான், ஆனால் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பேசுகிற பேச்சு. மற்றதெல்லாம் என் வழியாக. நான் குன்னூரில் சின்னதாக டிராவல்ஸ் நடத்துகிறவன், தூது போவதும் தொழிலில் சேர்த்தி.

ஒரு நாள் சுபா என்னைக் கூப்பிட்டாள். மாப்பிள்ளை வீட்டார் கல்யாண விருந்து வைக்கிறார்களாம், வெனிஸ் நகரத்தில் ஓர் ஓட்டலில். அம்மா இல்லாமல் விருந்து இல்லை என்று மாமியார் பிடிவாதமாம். "அண்ணா, நீங்களே கூட்டிட்டு வந்துருங்க. ஏர்போர்ட்ல இருந்து பிரைவேட் போட் புக் பண்ணிருக்கேன். ஓட்டல் வாசல்லயே எறக்கி உடுவாங்க."

நான் மேலே ஏறிப் போய்ச் சொன்னேன். அக்கா ஊக்கு அட்டையை எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"போட்டா? ஓட்டல் வாசல்ல தண்ணியா?"

"ஊரே தண்ணிதானுங்கக்கா. ரோடே கெடையாது."

"அப்பறம் மூஞ்சி எங்க கழுவறது?"

"சுத்தியும் தண்ணிதானக்கா!"

"வெளையாடாத. வண்டிய ஓரங்கட்ட எடமிருக்குதா, அதச் சொல்லு."

நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. அட்டையைக் கீழே வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தார்.

"தம்பி, அவிய என்னய இதுவரைக்கும் பாத்ததில்ல. கண்ணாலத்துக்கும் நானில்ல. படியில கால் வெச்சதும் என்னயப் பாத்துத்தான் என்ற புள்ளய எட போடுவாங்க. வாந்தி எடுத்த மூஞ்சியோட போயி எறங்குனா அவளுக்குத்தான் அசிங்கம். ஏற்கனவே ஒருக்கா அசிங்கப்பட்டுட்டா. இன்னொருக்கா வேண்டாம்."

சுபா வந்த அந்த பஸ் வேகமாகப் போகவில்லை என்பது அக்காவுக்குத் தெரியும் என்று அன்றுதான் எனக்கும் தெரிந்தது.

கோயம்புத்தூர் விமான நிலையத்திலேயே முதல் அடி விழுந்தது. சோதனையில் எறங்கற பையைத் திறந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து வைத்துவிட்டார்கள்.

"குடிச்சுட்டு காலி பாட்டிலக் கொண்டு போங்கம்மா."

"ஏனுங்க, அது குடிக்கற தண்ணி இல்லீங்க. எறங்கற தண்ணி."

அந்த அதிகாரி தன் பணிக்காலத்தில் இப்படி ஒரு வகைத் தண்ணீரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். காலி பாட்டிலோடு விமானம் ஏறினோம். எலுமிச்சம்பழம் தப்பியது. வர்க்கிப் பொட்டலமும் தப்பியது. சம்பந்திக்காகக் குன்னூர் பேக்கரியில் சூட்டோடு வாங்கிய மொறுமொறு வர்க்கி பிஸ்கட். அதை வழியெல்லாம் மடியிலேயே வைத்திருந்தார், பணிப்பெண் கேட்டும் மேலே வைக்கத் தரவில்லை.

வெனிஸில் இறங்கியதும் நான் கெஞ்சினேன். "அக்கா, ஏர்போர்ட் பாத்ரூம் பளபளன்னு இருக்குது. இங்கயே மூஞ்சி கழுவிக்கங்க. பாட்டில்லயும் புடிச்சுக்கலாம்."

"இங்க கழுவி? மேட்டுப்பாளையத்துல மூஞ்சி கழுவிட்டு குன்னூருக்கு வந்து எறங்கற மாதிரியா?" அக்கா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "பாட்டில்ல வேணா புடி." பிடித்தேன். அதை எறங்கற பையோடு சேர்த்துக் குழாயடியிலேயே மறந்து வைத்துவிட்டு வந்தோம் என்பது படகுத்துறையில்தான் தெரிந்தது. திரும்பிப் போக நேரமில்லை. படகு காத்திருந்தது.

என்ன படகு அது! தேக்கு மாதிரி மினுமினுக்கிற மரம், உள்ளே வெள்ளைத் தோல் சீட்டு. கறுப்புக் கண்ணாடி போட்ட படகோட்டி, சினிமாவுக்குப் போகிறவர் போல இஸ்திரி போட்ட சட்டையில் நின்றார். அக்காவுக்குக் கை கொடுத்து ஏற்றினார். அக்கா ஏறின உடனே அவரிடம் தமிழில் விசாரித்தார்.

"ஏனுங்க தம்பி, ஓட்டலுக்கு எத்தன வளைவுங்க?"

"சி, சி" என்றார் அவர். அவர்கள் ஊரில் அதற்கு ஆமாம் என்று அர்த்தமாம்.

"கடைசி வளைவுக்கு முன்னால ஒருக்கா நிறுத்தோணும். மூஞ்சி கழுவோணும்." அக்கா கையால் வளைவு போட்டுக் காட்டி, முகம் கழுவிக் காட்டினார்.

"சி, சி, சி" என்று சிரித்தார் அவர். எதுவும் புரியவில்லை என்று எனக்குத் தெளிவாகப் புரிந்தது.

படகு கிளம்பியது. கரையை விட்டதும் மூக்கைத் தூக்கிக்கொண்டு பறந்தது. நான் ஒரு நிமிடமும் அக்காவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இதோ முகம் வெளுக்கும், இதோ எலுமிச்சை மூக்குக்குப் போகும் என்று காகிதப் பையை விரித்துத் தயாராகப் பிடித்திருந்தேன். அக்கா எழுந்து நின்றார். உள்ளே இருந்தவர் பின்பக்கத் திறந்தவெளிக்கு வந்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டார். கொண்டை அவிழ்ந்து முடி பறந்தது, முந்தானை பின்னால் கொடியாகப் படபடத்தது. உப்புத் தண்ணீர் முகத்தில் அடித்தது.

"தம்பி! வளைவே இல்லடா!"

அக்கா கத்தினார். அப்படி ஒரு குரல் அவரிடம் இருந்ததே எனக்குத் தெரியாது. "நேரா போகுதுடா! இங்க பாரு, ஒண்ணுமே பண்ணல எனக்கு! வவுறு கல்லாட்டம் இருக்குது! இப்படி ரோடு போட்டிருந்தா நானு வாரத்துக்கு நாலுக்கா கோயம்புத்தூரு போயிருப்பனே!"

எதிரே போன படகில் யாரோ கையாட்டினார்கள். அக்கா இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை, எழுந்து நின்று நானும் கையாட்டினேன். படகு ஓர் அலையில் தூக்கிப் போட்டது. என் வயிறு அங்கேயே மேலே நின்றுவிட்டது, நான் மட்டும் கீழே வந்தேன். மலைப்பாதையில் ஆயிரம் முறை ஏறி இறங்கியும் ஒரு நாள் தலை சுற்றாத எனக்கு ஊர், வானம், படகோட்டி எல்லாம் சேர்ந்து சுற்றின. விரித்து வைத்திருந்த காகிதப் பை கடைசியில் எனக்குத்தான் பயன்பட்டது. அக்கா விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே எலுமிச்சையை என் மூக்கில் அழுத்திப் பிடித்தார்.

"நல்லா மோந்து பாரு! டிராவல்ஸ்காரன் பாருடா!"

ஊர் நெருங்கியதும் சிரிப்பு நின்றது. படகு வேகத்தைக் குறைத்து ஒரு வாய்க்காலுக்குள் நுழைந்தது. இரண்டு பக்கமும் வீடுகள் தண்ணீரிலிருந்தே எழுந்து நின்றன. அக்கா தலையைத் தொட்டுப் பார்த்தார். முடி சிக்குப் பிடித்துக் கிடந்தது. பட்டுப் புடவை முழங்கால் வரை ஈரம். இடுப்பில் செருகியிருந்த வர்க்கிப் பொட்டலம் பாதி தூளாகியிருந்தது.

"ஐயோ தம்பி. வாந்தியே எடுத்திருக்கலாம். இது அதவிட மோசமா இருக்குதே."

முதல் வளைவு வந்தது. எதிரே என்ன வருகிறது என்று தெரியாத முக்கு. படகோட்டி நீளமாக ஒரு குரல் கொடுத்துவிட்டுத் திருப்பினார்.

"பாத்தயா, இவருக்கும் வளைவுக்கு ஆரன் அடிக்கத் தெரியுது" என்றார் அக்கா, கொஞ்சம் தெம்பு வந்து. "அப்ப நிறுத்தவும் தெரியும். சொல்லுடா."

நான் எலுமிச்சையை எடுத்துவிட்டு, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், ஓட்டலுக்கு ஒரு வளைவு முன்னால் நிறுத்துங்கள் என்றேன். படகோட்டி என் வெளுத்த முகத்தைப் பார்த்தார். ஒரு பிளாஸ்டிக் வாளியை எடுத்து என் கையில் கொடுத்தார். அக்கா வாளியைப் பார்த்தார், உள்ளே தண்ணீர் இல்லை என்று பார்த்தார், கண்ணை மூடிக்கொண்டார்.

"போகட்டும் உடு. இப்படியே போயி எறங்கறேன். எறங்கும்போது நீ முன்னால போயிரு. உன்னயப் பாத்தா நானே தேவலன்னு தோணும்."

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் கை தலையை விட்டு இறங்கவில்லை. ஈரக் கையால் முடியை ஒதுக்கி ஒதுக்கிப் பார்த்தார், அது படியவே இல்லை. ஆயுள் முழுக்க ஒரே ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருந்தவர், அது மிகவும் தேவைப்பட்ட நாளில் இப்படி வெறுங்கையோடு போகிறாரே.

அப்போது படகு நின்றது.

ஓட்டல் இன்னும் வரவில்லை. வாய்க்கால் ஓரத்தில் தண்ணீருக்குள் இறங்குகிற நாலு கல்படி. படகோட்டி ஒரு கையால் படி வளையத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் முகம் கழுவிக் காட்டினார், அக்கா காட்டியதைப் போலவே. பிறகு மேலே கை காட்டினார்.

படியில் சுபா நின்றிருந்தாள். காலையிலேயே படகோட்டிக்குப் போன் செய்து இங்கே நிறுத்தச் சொல்லிவிட்டாளாம். தோளில் மஞ்சப்பை. இடது கையில் ஒரு பாட்டில் தண்ணீர், வலது கையில் துண்டு. நல்ல சிவப்புப் புடவை கட்டி, அழகாக மை இட்டிருந்தாள். அந்த மை கன்னம் வரை வழிந்திருந்தது.

"எறங்கும்மா" என்றாள். "ஒரே ஒரு வளைவுதான் இருக்குது."

அக்கா அசையவில்லை. நான்தான் கையைப் பிடித்துப் படியில் ஏற்றினேன்.

"அன்னைக்கு பஸ்ஸுல நான் உன்னயப் பாத்தேம்மா. பாத்துட்டுத்தான் திரும்பிக்கிட்டேன்."

"தெரியும் கண்ணு. நானும் பாத்தேன்."

சுபா விம்மினாள். அக்கா அவள் கையிலிருந்த பாட்டிலை வாங்கினார், துண்டை நனைத்தார், பிழிந்தார். தன் முகத்துக்குக் கொண்டுபோகவில்லை. மகளின் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, வழிந்த மையை மெல்லத் துடைத்தார்.

"அழுவறத எல்லாம் இங்கயே அழுதுரு. இதுக்குத்தான் இந்த எடம். அங்க போயி எறங்கறப்ப மூஞ்சி பளிச்சுனு இருக்கோணும்."

சொல்லிவிட்டு அவரும் அழுதார். அப்புறம் இருவரும் அழுதபடியே சிரிக்க ஆரம்பித்தார்கள். சுபா அம்மாவை உட்கார வைத்துச் சிக்கெடுத்து, கொண்டை போட்டு, புடவைக்கு ஊக்குக் குத்திவிட்டாள். "ஆடாத, ஆடாத" என்று அவள் அதட்டினது அச்சு அசல் அக்காதான். மிச்சத் தண்ணீரை என்னைக் குனியச் சொல்லி என் பிடரியில் ஊற்றினார்கள். படகோட்டி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு சீப்புக்குக் கையை நீட்டினார். அக்கா கொடுத்தார், வாரிய பிறகு வகிடு கோணல் என்று வாங்கி அவரே சரிசெய்தார்.

பிறகு எல்லோரும் ஏறிக்கொண்டதும் படகோட்டி குரல் கொடுக்க, படகு கடைசி வளைவைத் திரும்பியது. ஓட்டல் படித்துறையில் சம்பந்திகளும் மாப்பிள்ளையும் பூங்கொத்தோடு நின்று கை தட்டினார்கள். அக்கா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் வர்க்கித் தூளோடு, நிமிர்ந்து படியில் கால் வைத்தார். வெள்ளைத் தலை மாமியார் ஓடி வந்து கட்டிக்கொண்டு ஏதோ கேட்டார்.

"பயணம் எப்படி இருந்துச்சுன்னு கேக்கறாங்கம்மா" என்றாள் சுபா.

அக்கா முந்தானையைச் சரிசெய்துகொண்டார். பின்னால் நான் சொட்டச் சொட்ட ஈரத் தலையோடு நிற்கிறேன்.

"அலுப்பே இல்லீங்க. எங்கயும் நிக்கல, நேரா வந்துட்டமுங்க."